வாட்ச்மேனின் மினுங்கும் சட்டை

வாட்ச்மேனை அவனுடைய பிளாஸ்டிக் பையிலிருந்து உருவி எடுத்துவிட்டு, அதே இடத்தில் இன்னொரு வாட்ச்மேனைச் செருகியபோது எனக்கு இருந்தது கலப்படமில்லாத சந்தோஷம். அண்ணன் குளிக்கப் போயிருந்தான். அவன் குளித்து முடித்து வருவதற்குள் ஒரு சின்ன நாட்டின் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டு வந்துவிடலாம். ஓர் அட்டையை மாற்றுவது பெரிய காரியமில்லை. ஆல்பத்தை மூடினேன். அலமாரியில் அது இருந்த கோணத்திலேயே திரும்ப வைத்து, மேலே அவன் போர்த்தியிருந்த துணியையும் அதே மடிப்போடு போட்டேன். பிறகு மேசையில் பொருளாதாரப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன். அசல் வாட்ச்மேன் அந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் இருந்தான். எங்கள் பேராசிரியரே இன்னும் அந்தப் பக்கம் போனதில்லை என்பதால் அதைவிடப் பத்திரமான இடம் வீட்டில் கிடையாது.

இது பழிக்குப் பழி. அண்ணன் எங்கள் கல்லூரிப் பேருந்தை ஓட்டுகிறான். முந்தின நாள் காலையில் நான் படிக்கட்டில் ஒற்றைக்கையில் தொங்கிக்கொண்டு, காற்றில் தலைமுடி பறக்க, பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று வந்துகொண்டிருந்தேன். அவன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். அந்த நிசப்தத்தில், வண்டி முழுக்கக் கேட்கும்படி, "தொர, உள்ள வரீங்களா, இல்ல உங்களுக்குத் தனியா ஏணி போட்டுத் தரட்டுமா?" என்றான். அன்று மாலைக்குள் கல்லூரியில் என் பெயர் ஏணி என்று ஆகிவிட்டது. பெற்றோர் யோசித்து யோசித்து வைத்த பெயர் அதற்குப் பிறகு வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது.

அண்ணனின் அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாயாஜால உலகத்தில் நடக்கும் சண்டை விளையாட்டின் அட்டைகள் அவை. கடையில் சின்னச் சின்னப் பாக்கெட்டாக விற்பார்கள். பிரித்தால்தான் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியும். டிராகன், சூனியக்கார ராணி, மின்னலைக் கையில் பிடித்த கிழவன் என்று சில அரிய அட்டைகள் உண்டு. அவற்றுக்காகத்தான் எல்லோரும் பாக்கெட்டைப் பிரிப்பது. மீதியெல்லாம் சாதாரணங்கள். கோட்டைக்கு வெளியே ஈட்டியோடு நிற்கிறவன், விறகு சுமக்கும் குள்ளன், சதுப்பில் உட்கார்ந்திருக்கும் தவளை. இவற்றைப் பிரித்த வேகத்தில் தரையில் போட்டுவிடுவார்கள். ஆனால் எப்போதாவது இந்தச் சாதாரணங்களில் ஒன்று ஃபாயிலாக வரும். அதே படம்தான், ஆனால் மேலே மெல்லிய உலோகப் பூச்சு. வெளிச்சத்தில் சாய்த்தால் தண்ணீரில் எண்ணெய் சிந்தியது போல நிறங்கள் ஓடும். அதனால் அவனுக்கு விளையாட்டில் ஒரு பலமும் கூடிவிடாது. அதே உதவாக்கரைதான், கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டு வந்திருக்கிறான், அவ்வளவே.

அண்ணன் சேர்ப்பது இவற்றை மட்டும்தான். பேருந்தைக் கூட்டும்போது இருக்கைக்கு அடியில் கிடைத்ததுதான் முதலாவது, அந்த ஈட்டிக்காரன். அட்டையில் அவனுக்கு ஏதோ வாயில் நுழையாத பெயர் அச்சடித்திருந்தது. அண்ணன் வைத்த பெயர் வாட்ச்மேன். தவளைக்குப் பெயர் பிரின்சிபால். ஆற்றுப் பாலத்தடியில் பல்லை இளித்துக்கொண்டிருக்கும் பூதத்துக்கு எங்கள் தூரத்து உறவினர் ஒருவரின் பெயர். குடும்ப அமைதி கருதி அதைச் சொல்லவில்லை. ஒருமுறை அவனிடம் கேட்டேன், சேர்ப்பதுதான் சேர்க்கிறாய், டிராகனைச் சேர்த்தால் என்ன என்று.

"டிராகன் மினுங்கித்தான் ஆகணுமா? அது சும்மா நின்னாலே ஊரே பாக்கும். இவனப் பாரு. ஆட்டம் ஆரம்பிச்சதும் மொதல்ல சாகுறது இவன்தான். யாரும் ஒரு நிமிஷம் நின்னு பாக்க மாட்டாங்க. எவனோ ஒருத்தன் இவனுக்குப் போய் இப்படி ஒரு சட்ட போட்டு விட்டிருக்கான்ல, அத விட முடியுமா?"

பேருந்தின் கடைசி இருக்கைக் கும்பலுக்கு இந்த விளையாட்டில் பைத்தியம். அண்ணன் வாங்கும் பாக்கெட்டில் டிராகன் வந்தால் அதை அவர்களிடம் கொடுத்துவிட்டு மூன்று நான்கு ஃபாயில் தவளைகளை வாங்கிக்கொள்வான். டிரைவர் அண்ணாவை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று அவர்கள் சிரிப்பார்கள். பயல்களை ஏமாற்றிவிட்டேன் என்று இவன் வீட்டுக்கு வந்து சிரிப்பான். இரண்டு தரப்பும் ஏமாற்றிய திருப்தியோடு வீடு போகும் வியாபாரம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஃபாயிலுக்கு ஒரே எதிரி ஈரம். மேலே இருக்கும் உலோகப் பூச்சு ஈரத்தை வாங்காது, பின்னாலிருக்கும் தாள் வாங்கும். வாங்கி விரியும். அதனால் அட்டை ஓரங்களைத் தூக்கிக்கொண்டு தோணி மாதிரி வளைந்துவிடும். சாதாரண அட்டை அப்படியே படுத்துக் கிடக்கும். இந்த ஈரத்தோடு போராடுவதுதான் அண்ணனின் வாழ்க்கையில் பாதி. புதுச் செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வருமே, ஈரம் உறிஞ்சும் சின்ன வெள்ளைப் பொட்டலம், அதைக் கண்டால் விடமாட்டான். செருப்புக் கடையில் முன்பின் தெரியாதவர்களிடம் போய், "சார், அந்தப் பொட்டலம் உங்களுக்கு வேணுமா?" என்று கேட்பான். அண்ணி இதைப் பற்றி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். "கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுல இவரப் பத்தி விசாரிச்சப்ப குடிப்பாரா, சிகரெட் உண்டான்னுதான் கேட்டாங்க. செருப்பு டப்பாவ நோண்டுற பழக்கம் உண்டான்னு கேக்க யாருக்கும் தோணல." மழை பெய்தால் ஆல்பம் அலமாரியை விட்டு வெளியே வராது. ஜன்னல் சாத்தப்படும். நானும் அண்ணியும் புழுங்கிச் சாவோம், வாட்ச்மேன் சௌக்கியமாக இருப்பான்.

மற்ற நாட்களில் மாலை வண்டியை விட்டுவிட்டு வந்ததும் குளிப்பான். கையை இரண்டு முறை துடைப்பான். டியூப் லைட்டுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆல்பத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் மெதுவாகச் சாய்ப்பான். நிறங்கள் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு இறங்கும். திரும்பவும் ஏறும். பைகளிலிருந்து அட்டையை எடுக்கவே மாட்டான், கைரேகை படும். சாய்ப்பான், பார்ப்பான், பக்கத்தைத் திருப்புவான்.

அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தான். நான் புத்தகத்துக்கு மேலே கண்ணை மட்டும் நீட்டிக் காத்திருந்தேன். வாட்ச்மேன் பக்கம் வந்தது. சாய்த்தான். சுற்றியிருந்த எட்டுப் பேரும் ஜொலித்தார்கள், நடுவில் வாட்ச்மேன் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருந்தான். அண்ணன் பக்கத்தைத் திருப்பினான். நான் தொண்டையைக் கனைத்தேன்.

"என்ன, தொண்ட கட்டிருக்கா? உப்புத் தண்ணி வச்சு கொப்பளி" என்றான்.

ஏதோ யோசனையில் இருந்திருப்பான் என்று நினைத்தேன். மறுநாள் தவளையை மாற்றினேன். சாதாரண அட்டைகளுக்குப் பஞ்சமில்லை. என் வகுப்பில் ஹோல்சேல் என்று ஒருவன் இருக்கிறான், பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறான், கேட்டால் கடலைப் பொட்டலம் மாதிரி அள்ளிக் கொடுப்பான். தவளையும் தப்பித்தது. அதற்கடுத்த நாள் குள்ளன், அதற்கடுத்து பூதம். இப்போது இது பழிவாங்கல் என்ற நிலையைத் தாண்டி என் தன்மானப் பிரச்சினையாகிவிட்டது. இவ்வளவு கஷ்டப்பட்டு வீட்டுக்குள்ளேயே திருடிக்கொண்டிருக்கிறேன், கண்டுபிடிக்கக்கூட ஆளில்லை என்றால் என்ன மரியாதை? அந்த வாரம் முடிவதற்குள் பக்கம் முழுவதையும் மாற்றிவிட்டேன். டியூப் லைட்டுக்குக் கீழே அது பழைய காலண்டர் தாளைப் போலச் செத்துக் கிடந்தது. பொருளாதாரப் புத்தகம்தான் கொஞ்சம் பருத்திருந்தது. வகுப்பில் பக்கத்தில் இருந்தவன், "ஏணி, நீ படிக்கறியா?" என்று பதறிப்போய்க் கேட்டான்.

அந்த மாலை அண்ணனே கூப்பிட்டான். "டேய், இங்க வா. வந்து பாரு."

பிடித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். வயிற்றுக்குள் சிரிப்பு தயாராக உருண்டுகொண்டிருந்தது. போய் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அவன் மடியில் அந்தப் பக்கம் விரிந்திருந்தது. எப்போதும் சாய்க்கும் அதே பக்கம், அதே அளவு, கொஞ்சமும் பிசகாமல் சாய்த்தான்.

"வாட்ச்மேனப் பாரு. சட்ட எப்படி ஓடுது பாரு. நெருப்பு மாதிரி இல்ல?"

நான் பார்த்தேன். மங்கிய செங்கல் நிறச் சட்டை. ஒன்றும் ஓடவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தேன். நடிப்பா என்று உற்றுப் பார்த்தேன், என்னை வாருகிறானா என்று. இல்லை. திரைச்சீலை விலகும்போது குழந்தைகள் முகத்தில் வருமே, அப்படி ஒரு சிரிப்பு அதில் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது மடியில் இருந்த பக்கத்தை இல்லை, எப்போதோ பார்த்து வைத்திருந்த பக்கத்தை. பையைச் சாய்த்தால் எந்த நொடியில் எந்த நிறம் எங்கே வரவேண்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். அது வந்துகொண்டிருந்தது.

"சூப்பர்" என்றேன்.

அவன் நிமிர்ந்து என் பக்கம் பார்த்தான். என்னை என்று சொல்ல முடியாது. என் காதுக்குக் கொஞ்சம் வெளியே, என் பின்னாலிருந்த அலமாரியை.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே மனதில் திரும்ப ஓடத் தொடங்கியது. டம்ளரில் டீ ஊற்றும்போது விளிம்புக்குள் ஒரு விரலை மடித்து வைத்துக்கொள்வான். சுகாதாரத் துறையில் புகார் கொடுப்பேன் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். கைபேசியில் எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தான். உனக்கு வரும் செய்தியைத் தெருக்கோடியிலிருந்தே படிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். செய்தித்தாளை நிறுத்திவிட்டான், கண்டதையும் படித்தால் மனது கெடுகிறது என்று. யார் வீட்டுக்கு வந்தாலும் அவர்கள் வாயைத் திறக்கும்வரை பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். இவ்வளவையும் நான் கவனித்திருக்கிறேன். கவனித்து, ஒவ்வொன்றையும் ஒரு நல்ல ஜோக்காக மாற்றி, நண்பர்களிடம் விற்றும் விட்டேன்.

சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தேன். "அண்ணா, கண்ணாடி போட்டா உன் மூஞ்சிக்கு எடுப்பா இருக்கும்."

"உனக்கு மூள வச்சா எடுப்பா இருக்கும். அது எங்க கிடைக்குதுன்னு பாரு, ரெண்டையும் சேத்து வாங்கலாம்."

அண்ணி சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

மறுநாள் மாலை பேருந்தில் முதன்முறையாக முன் இருக்கையில் உட்கார்ந்தேன். எங்கள் வண்டியில் விசில் மாமா என்று ஓர் உதவியாளர் உண்டு. முன் படியில் நின்றுகொண்டு வாய் ஓயாமல் கத்திக்கொண்டே வருவார். வழியில் இருக்கும் பள்ளம், மாடு, மாமியார், மருமகள் எல்லாவற்றையும் அறிவிப்பார் என்று நாங்கள் கேலி செய்வோம். அன்று அதையே கேட்டுக்கொண்டு வந்தேன். "லெஃப்ட்ல ஆட்டோ, விடு விடு. சிக்னல் செகப்பு. மெதுவா. பச்சை விழுந்துடுச்சு. ஸ்பீடு பிரேக்கர்." அவர் பேச்சை நிறுத்தும் இடங்களில் அண்ணனின் கால் தயங்கியது. அவர் சொன்னதும் அழுத்தியது. மாமாவிடம் மெதுவாகக் கேட்டேன், எப்போதும் இப்படித்தான் சொல்லிக்கொண்டு வருவீர்களா என்று.

"வாய் நான், கை உங்க அண்ணன்" என்றார் பெருமையாக. "கேட்டுக் கேட்டு ஓட்டுவான்யா. அவன மாதிரி பொறுமையான டிரைவர் எவன் இருக்கான்?"

தூறல் ஆரம்பித்து, எதிர் வண்டிகளின் விளக்குகள் கண்ணாடி முழுக்க அப்பிக்கொண்டிருந்த நேரம். மாமா குனிந்து படியில் விழுந்த விசிலைத் தேடினார். அவ்வளவுதான் அவர் செய்தது. எங்களுக்கு முன்னால் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். பின்னால் தண்ணீர் கேன் கட்டியிருந்தார். நீல நிறக் கேன். நான் அதைப் பார்த்தேன். அண்ணனைப் பார்த்தேன். அவன் கால் அசையவில்லை. கத்த வேண்டும் என்று நினைத்தேன், வாயைத் திறந்தேன், வெளியே எதுவும் வரவில்லை. இருபத்துநான்கு மணி நேரமும் ஓயாத வாய் இது. நிமிர்ந்த மாமா வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தை இரண்டு கையாலும் ஓங்கி அடித்தார். பேருந்து அலறிக்கொண்டு நின்றது. சைக்கிள்காரர் பம்பரில் கையை ஊன்றியபடி நின்றிருந்தார், அவர் கைக்கும் பம்பருக்கும் நடுவில் இடமே இல்லை. கேன் சரிந்து தண்ணீர் சாலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து கைதட்டல் எழுந்தது. "டிரைவர் அண்ணா மாஸ்!" என்று ஹோல்சேல் கத்தினான். "பிரேக்குன்னா இதான்டா பிரேக்கு!" வண்டியே விசிலடித்தது. அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தலையைக் கொஞ்சம் திருப்பி, மேடையில் பரிசு வாங்குகிறவன் போல, ஒரு கையைத் தூக்கிக் காட்டினான்.

மறுநாள் காலை அண்ணன் இருட்டோடு கிளம்பிப் போய்விட்டான். நான் நிறுத்தத்துக்குப் போனேன். வண்டி வந்தது. மாமா, "ஏறு, ஏறு" என்றார். நான் ஏறவில்லை. செருப்பு அறுந்துவிட்டது என்று குனிந்துகொண்டேன். எல்லோரும் ஏறினார்கள். ஹோல்சேல் ஜன்னலிலிருந்து எனக்கு அழகு காட்டிக்கொண்டே போனான். வண்டி திரும்பி மறையும்வரை அறுந்துபோகாத செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அண்ணி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் பொருளாதாரப் புத்தகத்தைத் திறந்து ஃபாயில்களைக் காட்டினேன். பிறகு ஆல்பத்தை எடுத்துப் பக்கத்தைக் காட்டினேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்தேன். சொன்னேன். நேற்று மாலை நடந்ததையும் சொன்னேன். அவள் சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"என் மூஞ்சியப் பாத்துப் பேசுறதில்ல" என்றாள். "ரொம்ப நாளா. எங்கேயோ பாத்துக்கிட்டுப் பதில் சொல்வாரு. ஏதோ கோவம்னு நினைச்சேன். நானா எதுக்குக் கேக்கணும்னு நானும் கோவமா இருந்தேன். முடிய இவ்வளவு வெட்டிட்டு வந்தேன், தம்பி. கிளினிக்ல எல்லாரும் கேட்டாங்க, உன் அண்ணன் ஒரு வார்த்த சொல்லல. அன்னைக்கு ராத்திரி முழுக்க நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன்." சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அதுவாவது தெரிஞ்சிருக்குமா அவருக்கு?"

"போன தடவ கண் டெஸ்ட்ல பாஸுன்னு வந்தானே, அண்ணி?"

"வரிசையில கடைசியா நின்னிருப்பாரு. முன்னாடி நின்ன அத்தன டிரைவருங்களும் சத்தமா வாசிச்சிருப்பாங்க. அந்தத் தவளையையே மனப்பாடம் பண்ணவரு, அந்தப் போர்டுல இருக்குற நாலு எழுத்த மனப்பாடம் பண்ண மாட்டாரா?" எழுந்தாள். முகத்தைத் துடைத்தாள். அப்போதுதான் அவளுக்கு வேறொன்று தோன்றியது போலிருந்தது. என்னைப் பார்த்தாள். "நீ ஏன் இன்னைக்கு வண்டில போகல?"

நான் ஃபாயில்களைத் திரும்பப் புத்தகத்துக்குள் அடுக்கத் தொடங்கினேன்.

"நீ மட்டும் எறங்கிட்ட" என்றாள். திட்டுகிற குரலில் இல்லை. நோயாளியிடம் எந்தப் பல் என்று கேட்டு எழுதிக்கொள்ளும் குரல்.

கிளினிக்கில் சொல்லிவிட்டு மதியத்துக்குமேல் வந்துவிடுவதாகவும், வந்ததும் அவனைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதாகவும் சொன்னாள். அண்ணன் காலை வண்டியை விட்டுவிட்டு மதியம் வீட்டுக்கு வருவான், பேருந்து தெருக்கோடி மைதானத்தில் நிற்கும், மாலையில் திரும்ப எடுப்பான். "நான் வர்ற வரைக்கும் வண்டிய எடுக்க விடாத. அவர்கிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா சண்ட வரும்."

"நான் சொன்னா ஜோக்குன்னு நினைப்பான், அண்ணி."

"அப்ப ஜோக்காவே சொல்லு. ஊரையே ஏமாத்துறவன் நீ, ஒரு சாவிய ஏமாத்த முடியாதா?"

அவள் போனபின் மழை பிடித்துக்கொண்டது. என்ன சொல்வது என்று யோசித்தபடி தெருத்தெருவாக நடந்தேன். ஒத்திகை பார்த்தேன். எல்லா வாக்கியமும் கடைசியில் தானாகவே ஒரு நக்கலில் போய் முடிந்தது. வேறு விதமாக முடிக்க என் வாய் பழகவில்லை. மைதானத்தில் பேருந்து வந்து நிற்பதைப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்து, கையோடு கொண்டுவந்திருந்த பொருளாதாரப் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்து மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்ததும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. எல்லா ஜன்னல்களும் விரியத் திறந்திருந்தன. மழைச் சாரல் உள்ளே வந்துகொண்டிருந்தது. அலமாரியில் இருந்த வெள்ளைப் பொட்டலங்கள் ஒரு பாலித்தீன் பையில் இறுகக் கட்டப்பட்டு மூலையில் கிடந்தன. ஆல்பம் மேசைமேல் காலியாக, பைகள் எல்லாம் வாயைப் பிளந்தபடி இருந்தது. அட்டைகள் மேசை முழுக்கப் பரப்பப்பட்டிருந்தன. மழை நாளில், உறையில்லாமல், வெறும் மேசையில். யாரோ திருட வந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணன் அவற்றுக்கு முன்னால் சீருடையோடு உட்கார்ந்திருந்தான்.

"கதவச் சாத்து" என்றான். "ஃபேனப் போடாத."

ஃபாயில்கள் ஓரங்களைத் தூக்கிக்கொண்டிருந்தன. மேசையில் சின்னச் சின்னத் தோணிகள் கரை ஒதுங்கி நிற்பது போலிருந்தது. அண்ணன் உள்ளங்கையை அவற்றுக்கு மேலே, தொட்டும் தொடாமலும், ஒரு முனையிலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தான். கண்களை மூடியிருந்தான். தூக்கிய ஓரங்கள் கையில் பட்டன. பட்டதை விட்டுவிட்டு நகர்ந்தான். படாத இடத்தில் கை நின்றது, விரல்கள் இறங்கின, படுத்துக் கிடந்த அட்டையைக் கிள்ளி எடுத்துத் தனியாக ஓர் ஓரத்தில் வைத்தான். அந்த ஓரத்தில் ஏற்கெனவே சில சேர்ந்திருந்தன. தவளை, குள்ளன், பூதம். எல்லாம் நான் செருகியவை.

"இவன் வாட்ச்மேன்தானே?" ஓர் அட்டையை என் பக்கம் நீட்டினான். "படுத்துக் கிடக்குறான். என் வாட்ச்மேன் படுக்க மாட்டான்."

நான் அதை வாங்கி, ஓரத்தில் மற்றவற்றோடு வைத்தேன்.

"அன்னைக்கு உன்னக் கூப்பிட்டு இந்தப் பக்கத்தக் காட்டினேன். சூப்பர்னு சொன்ன. நீ எதையாவது சூப்பர்னு சொல்லி எப்பவாவது கேட்டிருக்கேனா நான்? நம்ம அப்பா செத்தப்பகூட ஏதோ ஜோக் சொன்னவன்டா நீ. சரி, பயலுக்கு ஒடம்பு சரியில்ல போலன்னு விட்டேன். இன்னைக்குக் காலையில நீ வண்டில ஏறல. மாமா ஏறு ஏறுன்னு சொல்றாரு, உன் சத்தத்தக் காணோம். ரெண்டையும் சேத்துப் பாத்தேன்."

புத்தகத்தை எடுத்தேன். கடைசி அத்தியாயத்திலிருந்து ஒவ்வொருவராக எடுத்து அவனுக்கு முன்னால் வைத்தேன். இத்தனை நாள் பக்கங்களுக்கு நடுவில் அழுந்திக் கிடந்ததில் அவையும் தட்டையாகத்தான் இருந்தன. அவன் தடவிப் பார்த்தான்.

"இதுவும் படுத்திருக்கு."

"அது அசல்ணா. புத்தகத்துல இருந்துச்சு."

"அப்ப எந்திரிக்கும். கொஞ்ச நேரம் ஆகும்."

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் பார்த்துக்கொண்டு, அவன் விரல் நுனியை வாட்ச்மேனின் ஓரத்தில் வைத்துக்கொண்டு. ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை. "எப்பலேர்ந்துணா?" என்று மட்டும் கேட்டேன்.

"மொதல்ல எதிர்ல வர்ற லைட்டெல்லாம் பஞ்சு மாதிரி வந்துச்சு. சரி, இருட்டுனா அப்படித்தான்னு விட்டேன். அப்புறம் பஞ்சு பகல்லயும் வந்துச்சு." மழையைக் கேட்பது போலக் கொஞ்சம் நிறுத்தினான். "நேத்து அந்த ஆள நான் பாக்கவே இல்லடா. மாமா தட்டினாரு, அழுத்தினேன். அப்பவும் பாக்கல. பசங்க கைதட்டினதும்தான் ஏதோ நடந்திருக்குன்னு தெரிஞ்சுது. என்ன நடந்துச்சுன்னு யார்கிட்ட கேக்குறது? கையத் தூக்கிக் காட்டினேன்."

"ஆம்பளயா, பொம்பளயா?" என்று கேட்டான்.

"ஆம்பள. சைக்கிள். தண்ணி கேன் வச்சிருந்தாரு."

"தண்ணியா அது? ஜன்னல் வழியா சத்தம் கேட்டுச்சு. நான் வேற ஏதோன்னு நினைச்சு வீடு வர்ற வரைக்கும் நடுங்கிக்கிட்டே வந்தேன்."

"அண்ணி வராங்க" என்றேன். "ஆஸ்பத்திரி போலாம். பஞ்சுதானே, எடுத்துடுவாங்களா இருக்கும்."

"எடுக்கலன்னா?"

என் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. ஹோல்சேல். மழை அதிகமாக இருப்பதால் கல்லூரியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்களாம், எல்லோரும் வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறார்களாம். கடைசியில், வண்டி எங்கடா ஏணி, என்று கேட்டிருந்தான். நான் வாசித்ததை அண்ணனிடம் சொல்லவில்லை. மேசையின் நடுவில், தோணிகளுக்கு இடையில், அவனுடைய கைபேசியும் அதன்மேல் பேருந்துச் சாவியும் இருந்தன. என் கை மெதுவாக அந்தப் பக்கம் போனது.

"சாவிய எடுக்காத" என்றான். கண்கள் இன்னும் மூடித்தான் இருந்தன. "எடுத்தா எனக்குத் தெரியும்."

கையை இழுத்துக்கொண்டேன். அவனும் எடுக்கவில்லை. அவன் விரல் வாட்ச்மேனின் ஓரத்திலேயே இருந்தது. அந்த ஓரம் நகம் அளவுக்கு மேசையை விட்டு எழும்பியிருந்தது. ஜன்னல் வெளிச்சம் அதற்கடியில் நுழைந்து, செங்கல் நிறச் சட்டையில் ஒரு சிவப்புக் கோடு ஓடி மறைந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது மேசைமேல் அவனுடைய கைபேசி அதிரத் தொடங்கியது. திரை முழுக்கப் பூசணிக்காய் எழுத்தில் விசில் மாமாவின் பெயர். ஒவ்வோர் அதிர்வுக்கும் சாவி கைபேசியின்மேல் சலசலத்தது. மேசை நடுங்கியது. வளைந்த அட்டைகளெல்லாம் அலையில் கட்டிப்போட்ட தோணிகளைப் போல இருந்த இடத்திலேயே ஆடின; ஆடும்போது பச்சை, ஊதா, சிவப்பு என்று நிறங்கள் கூரைவரை சிதறின. ஓரத்தில் ஒதுக்கி வைத்தவை மட்டும் அசையாமல் கிடந்தன. அண்ணன் இரண்டு கைகளையும் விரித்து மேசைமேல் வைத்து, அந்த ஆட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தான். அதிர்வு நின்றது. உடனே கைபேசி மறுபடியும் அதிரத் தொடங்கியது.